15 மணி நேரம்தானாமே!

"சென்னைக்கும் டொராண்டோவுக்கும் 15 மணி நேரம்தானாம் தம்பி. புதன்கிழமை கிளம்பினாலும் வந்துவிடலாமே. மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது?"

வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயிலில் விசேஷம். அக்கா கேட்டது செவ்வாய்க்கிழமை. யாரோ போனில் தேடிக் காட்டியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸிலேயே 12 மணி நேரம் உட்கார்ந்து வந்தவள் அவள். இன்னும் மூன்று மணி நேரம் கூட உட்கார இவனுக்கு என்ன வலிக்கிறது என்பது அவள் கணக்கு.

அக்கா மேல் வருத்தமில்லை. அந்த 15 மணி நேரத்தின் மேல்தான் கோபம். பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 13,400 கிலோமீட்டர். அதை மணிக்கு 900 என்று வகுத்து எழுதிவிடுகிறார்கள். நூல் கிரீன்லாந்துப் பக்கம் ஏறி இறங்குகிறது. அந்த வழியில் என்னை ஏற்றிப்போக விமானம்தான் இல்லை. டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இறங்கி, கண்ணாடிக் கடைகளை வெறித்தபடி அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். போதாததற்குக் கடிகாரம் வேறு ஒன்பதரை மணி நேரத்தை விழுங்கிவிடும். அதன் பிறகு எழும்பூர். 2023 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை. ஊருக்குள் தூரம் குறைந்துகொண்டுதான் வருகிறது, எனக்குத்தான் குறையவில்லை. கடைசி நேர டிக்கெட் விலையை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு நகை செய்திருக்கலாம் என்பாள்.

மற்றபடி இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. வாசலில் பனி அள்ளுகிறேன், ஸ்கார்பரோவில் முருங்கைக்காய் வாங்குகிறேன். தூரம் பற்றிப் புலம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் விடியும்போது கோவில்பட்டி தாண்டி, கடம்பூரில் போளி விற்கிறவர் குரலுக்கு எழுந்தால், இனி ஒரு மணி நேரம்தான் என்று மேல் படுக்கையிலிருந்து இறங்கிப் பல் துலக்கப் போவோமே, அந்த ஒரு மணி நேரம் இங்கே எந்தப் பயணத்திலும் வருவதில்லை. எண்ணெய் ஊறிய அந்தக் காகிதப் பொட்டலம் வேறு. சரி, விடுங்கள்.

வெள்ளி காலை 9 மணி முகூர்த்தம், எனக்கு வியாழன் இரவு 11.30. குளிர்காலமாக இருந்தால் 10.30, நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் ஊர் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விடும். கோயில் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ஆசாரி ஊசியை எடுத்தது தெரிந்தது, பிறகு படம் நின்றுவிட்டது. அழுகை மட்டும் கேட்டது. மருமகள் உட்கார்ந்திருந்தது சித்தப்பா மகன் மடியில்.

அவன் மறுநாளே செய்தி அனுப்பிவிட்டான். பிள்ளை அவன் பட்டு வேட்டியை நனைத்துவிட்டதாம். மாமன் சீர் என் கணக்கு என்பதால் வேட்டியையும் அதிலேயே சேர்க்கச் சொல்கிறான்.