கீழாநெல்லிக் காயைப் பிளந்து பார்த்தேன்

செடிகளை உலர்த்தி அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. இந்த மழைக்காலம் முழுக்க அது கீழாநெல்லிக்கே போய்விட்டது. கடலூரில் கெடிலக் கரை, தேவனாம்பட்டினம் போகிற வழி, வீட்டுத் தொட்டி என்று எங்கும் கிடைக்கிற செடிதானே, ஒரே நாளில் முடிந்துவிடும் என்றுதான் தொடங்கினேன்.

"இலைக்கு அடியில காய் தொங்குதா, அதான் கீழாநெல்லி தம்பி" என்றார் சந்தையில் கீரை விற்கும் அம்மா. அறிவியல் பெயரின் முதல் சொல்லான பேரினம் வரைக்கும் வந்து சேர அந்த அடையாளம் தாராளமாகப் போதும். பில்லாந்தஸ் என்று அட்டையில் எழுதிவிடலாம். இரண்டாவது சொல்லான சிற்றினப் பெயரில்தான் சிக்கல்.

பல மூலிகைப் புத்தகங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் அது, ஆனால் அந்தச் செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. நம் ஊரில் அந்தப் பெயரில் புழங்குவது அமாரஸ், ஃபிரெட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று சிற்றினங்களும் கலந்தது. பிரித்துப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். பூவே கடுகளவுதான். இதழ் ஐந்தாக இருந்து, ஒரே இலைக்கோணத்தில் (இலை கிளையோடு சேரும் இடுக்கில்) ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்திருந்தால் அமாரஸ். மற்ற இரண்டுக்கும் இதழ் ஆறு. கிளையின் அடிப்பக்கம் ஆண் பூ, நுனிப்பக்கம் பெண் பூ. இதுவரை நான் பார்த்தவை எல்லாமே அமாரஸ். அமாரஸ் என்ற பெயர் 1827இல் அச்சேறியது, இன்றைய கானா பக்கம் சேகரித்த செடியை வைத்து. நம் வாய்க்கால் ஓரத்துச் செடிக்குப் பெயர் அங்கிருந்து வந்திருக்கிறது, பாருங்கள்.

அடுத்தது குடும்பம். சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றி 1915 முதல் வெளிவந்த, தாவரவியலாளர் கேம்பிளின் நூலில் இது ஆமணக்குக் குடும்பத்தில் இருக்கிறது. இப்போது தனிக் குடும்பம், பில்லாந்தேசி. டிஎன்ஏ ஆய்வுதான் முக்கியக் காரணம் என்றாலும் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. பிளேடால் காயைக் குறுக்கே வெட்டினேன். மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை, ஆக ஆறு. ஆமணக்குக் காயிலும் மூன்று அறைதான், ஆனால் அறைக்கு ஒரே விதை. குப்பைமேனியும் அப்படியே. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்த வேலை. பால் வருகிறதா என்று கிள்ளிப் பார்ப்பதை நம்ப வேண்டாம்: அம்மான் பச்சரிசியில் வரும், குப்பைமேனியில் வராது, இரண்டும் ஆமணக்குக் குடும்பம்தான்.

உலர்த்துவது பற்றி: பறித்த கொஞ்ச நேரத்தில் இலை மடங்கிவிடுகிறது. அதனால் பழைய நோட்டைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே விரித்து அழுத்துகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர்க் காற்றுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தினமும் செய்தித்தாள் மாற்ற வேண்டும். பூவின் நிறம், இடம், தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு நிறம் தெரியாது.

சிவப்புக் கீழாநெல்லி ஒன்றும் கிடைத்தது. காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்ததால் அது யூரினாரியா என்ற வேறொரு சிற்றினம். இதே பேரினத்து மேலாநெல்லிக்கு இன்னும் காய் வரவில்லை. ஆறு இதழ்க்காரர்களைத் தேடி அடுத்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.