மை இன்னும் காயவில்லை

நாங்கள் வாத்து வேட்டைக்குப் போகும் குளம் போன வாரம் உறைந்துவிட்டது. மினசோட்டாவில் சீசன் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, ஆனால் தண்ணீர் கல்லாகிவிட்ட பிறகு வாத்துக்கு இங்கே என்ன வேலை? துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டேன். மை அடுப்படியில் மல்லாந்து கிடந்து தூங்குகிறாள்.

மை என்பது என் நாய். கறுப்பு லாப்ரடார், இரண்டு வயதுப் பெட்டை. ஒற்றை அசையில் பெயர் வை என்றவர், அவளைப் பழக்க எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர். பறவை விழுந்ததும் பெயரைச் சொல்லித்தான் நாயை ஏவ வேண்டும், அந்த நேரத்தில் நாக்கு தடுக்கக் கூடாதாம். 'மை'யை அமெரிக்கர்களும் சரியாகவே சொல்கிறார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும், "வாத்துக்காக நாயா, நாய்க்காக வாத்தா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை.

பயிற்சியின் தொடக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார், வா, பம்பரை (எறிந்து எடுத்துவரப் பழக்கும் பொம்மையை) எடுத்து வா எல்லாம் நான்கு மாதத்தில் வந்துவிட்டன. துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தோம், அவள் காதைக்கூட அசைக்கவில்லை. வினை, வேட்டை நாய்களுக்கான தொடக்கநிலைத் தேர்வான 'ஜூனியர் ஹன்ட'ரில்தான் தொடங்கியது.

அந்தப் பட்டத்துக்கு நான்கு முறை தேற வேண்டும். ஒவ்வொரு முறையும் தரையில் இரண்டு பறவை, தண்ணீரில் இரண்டு பறவை, ஒவ்வொன்றாக விழும். நாய் விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, போய் எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும். ஜூனியரில் நாயைக் கயிற்றோடு கொண்டுபோய் நிறுத்தலாம், ஆனால் சாதாரண பட்டைக் கழுத்துவார்தான் இருக்க வேண்டும். ஜூன் மாதம் முதல் தேர்வுக்கு நான் சங்கிலிக் கழுத்துவாரோடு போய் நின்றேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தன் நாயின் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்ததால் பிழைத்தேன். வண்டியில் ஒரு பட்டையை எப்போதும் போட்டு வையுங்கள். அன்று தேறிவிட்டாள்.

ஜூலையில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் இறங்கினால், கூண்டில் விரித்திருந்த துண்டில் ஒரு சொட்டு ரத்தம். பருவத்துக்கு வந்துவிட்டாள். பருவத்தில் இருக்கும் பெட்டை தேர்வில் ஓட முடியாது, திடலுக்குள்ளேயே விட மாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அப்படியே திரும்பினேன். நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கால்நடை மருத்துவரின் சான்று கேட்டார்கள். சான்று வாங்கப் போனால், அதற்கான கட்டணம் கிட்டத்தட்ட அதே தொகை! பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் ஆறு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் நடந்தது இன்னும் வலிக்கிறது. மூன்று பறவைகளைக் கச்சிதமாகக் கொண்டுவந்துவிட்டாள். நான்காவது தண்ணீரில். நேராக நீந்திப் போனாள், எடுத்தாள், திரும்பினாள். கரையேறியதும் கோலமாவுக் கிண்ணத்தை இறக்கி வைப்பதுபோல வாத்தைத் தரையில் வைத்தாள். மூக்கிலிருந்து வால் நுனிவரை உடம்பை ஒரு உதறு உதறினாள். பிறகு அதைக் கவ்விக்கொண்டு என்னிடம் வந்து, நான் கை நீட்டுவதற்குள் இரண்டடி முன்னால் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பேசாமல் நின்று மறுபடி எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து எடுத்து நடுவரிடம் நீட்டினேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் எடுத்தீர்கள், அவள் கொடுக்கவில்லை" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் குளத்தில் பழக்கலாம் என்றால் தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டியது போல இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் பெருகும் நீலப்பச்சைப் பாசி நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக் கூடியது. தண்ணீர் நிறம் மாறியிருந்தால் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். ஆகையால் வண்டிக் கொட்டகையில் மேசை மேல் அவளை உட்காரவைத்து, வாயில் மரக்கட்டையைக் கொடுத்து, 'கொடு' என்று சொல்லும்வரை கவ்வியே இருக்கப் பழக்கினேன். பாசி விலகியதும் பெரியவர் ஒரு வழி சொன்னார். தண்ணீர் விளிம்பிலேயே நின்று, உதறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். சரியாகச் செய்தால் அடுத்த முறை ஓரடி பின்னால் நிற்க வேண்டும், அதற்கடுத்த முறை இன்னும் ஓரடி. பதினைந்தடி பின்னால் போக எனக்கு மூன்று வாரமாயிற்று. செப்டம்பரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேறினாள். ஆக மூன்று, இன்னும் ஒன்று பாக்கி.

வேட்டை உரிமம் சிக்கலில்லாமல் கிடைத்தது. வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிரீன் கார்டு இல்லாதவர்கள் துப்பாக்கியைத் தொடும் முன் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கூட்டாட்சிக் குற்றம்.

நான் மாட்டிக்கொண்டது தபால்தலையில். வாத்து வேட்டைக்குப் போகும் பதினாறு வயது நிரம்பியவர்கள் எல்லோரும் 25 டாலர் கொடுத்து, தபால்தலை போலவே இருக்கும் 'டக் ஸ்டாம்ப்' என்ற அனுமதி வில்லையை வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு மின்னணு வடிவமே சீசன் முழுவதற்கும் போதும். நான் சிறு வயதில் திருநெல்வேலியில் தபால்தலை சேர்த்தவன், காகிதத்தில்தான் வேண்டும் என்று வாங்கினேன். அழகான வாத்துப் படம். அதன் முகத்தில் மையால் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று தெரியும். கை வரவில்லை. கறை படாத தபால்தலையைக் கெடுக்க எந்தச் சேகரிப்பாளருக்கு மனம் வரும்?

தொடக்க நாள் காலை வண்டி நிறுத்துமிடத்தில் வனவிலங்கு அதிகாரி வந்து நின்றார். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். 1991 முதல் வாத்து வேட்டையில் ஈயக் குண்டு நாடெங்கும் தடை என்பதால் மேலங்கிப் பைகளையும் துழாவினார். (ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகைப் பறவையின் வேட்டையில் மிஞ்சிய ஈயத் தோட்டா ஒன்று பையில் கிடந்தால்கூடத் தப்ப முடியாது, முந்தின இரவே எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள்.) பிறகு தபால்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பேச்சை மாற்ற நினைத்து, முதல் டக் ஸ்டாம்ப் 1934இல் வந்தது, விலை ஒரு டாலர், வரைந்தவர் கேலிச்சித்திரக்காரர் டிங் டார்லிங் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். வாத்தின் நெஞ்சுக்குக் குறுக்கே தமிழில் கையெழுத்துப் போட்டேன். அபராதம் எழுதாமல், "அடுத்த வருஷம் இரண்டு வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மை கொண்டுவந்த முதல் 'வாத்து', நிஜ வாத்துகளை ஈர்க்க நாங்கள் மிதக்கவிட்டிருந்த பொம்மை வாத்து. கயிறும் ஈய எடையும் பின்னால் இழுபட, பெருமையோடு நீந்தி வந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு இரவு அவள் வால் துவண்டு தொங்கியது. ஆட்டவில்லை, உட்காரும்போது முனகினாள். முறிந்துவிட்டது என்று பதறி அவசர சிகிச்சைக்கு ஓடினேன். மருத்துவர் தடவிப் பார்த்தார். குளிர்ந்த நீரில் அதிகம் நீந்தினால் வால் தசை இப்படிப் பிடித்துக்கொள்ளுமாம், சில நாள் ஓய்வு போதுமாம். அதைச் சொல்ல அவர்கள் வாங்கிய தொகையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வார மளிகை வந்திருக்கும். இப்போது கரையேறியதும் துண்டால் துடைத்து, நியோப்ரீன் அங்கி போட்டுவிடுகிறேன்.

கடைசி வாரம் ஒரு ஆண் மல்லார்ட் வாத்து சிறகடிபட்டு விழுந்து, சம்புப் புதருக்குள் நீந்தி மறைந்தது. பின்னாலேயே மையும் மறைந்தாள். சம்புத் தலைகள் மட்டும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று அசைந்தன. நான் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன். நான்கு நிமிடம் ஆனது. சேறு வடிய வெளியே வந்தாள், பச்சைத் தலை வாய்க்கு வெளியே நிமிர்ந்து பார்த்தது. கரையேறினாள், உதறவில்லை. என் கால் முட்டியில் வந்து இடித்து நின்று, உள்ளங்கையில் கொடுத்தாள்.

அடுத்த வாத்தை மறுபடியும் கரையில் வைத்துவிட்டு உதறினாள்.

நான்காவது தேர்வு மே மாதம். ஜனவரியில் அவள் பருவத்துக்கு வர வேண்டும். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.