களை பிடுங்கின பாட்டோ, மலைக்குப் போன பாட்டோ

மலர்க் குழுவில இருந்து தம்பி ஒருத்தர் போன் எடுத்து, அண்ணை பள்ளிக்கூட நினைவு ஏதும் எழுதித் தாங்கோ எண்டார். எனக்கு முதல் ஞாபகம் வாறது சங்கீத பாடம்தான். உனக்குத் தாளம் வராது, வாயை மட்டும் அசை எண்டு ரீச்சர் சொல்லிப்போட்டா, நானும் பள்ளிக்கூட கீதத்துக்கே சத்தமில்லாமல் வருசக்கணக்கா ஓட்டின ஆள். அப்பிடிப்பட்டவன் சனத்துக்கு நடுவில வாய் திறந்து பாடின ஒரே பாட்டு பெல்லா சாவ் எண்ட இத்தாலியப் பாட்டு.

இத்தாலியில ரெஜியோ எமிலியாவுக்கு வந்த புதுசில, பாசிஸ்டுகளிட்டயும் ஜெர்மன்காரரிட்டயும் இருந்து நாடு விடுபட்ட ஏப்ரல் 25 விடுதலை நாளுக்கு வேலைத்தலத்து ஆக்கள் செர்வி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். கமக்காரக் குடும்பம், அண்ணன் தம்பி ஏழு பேரையும் 1943 டிசம்பர் 28 பாசிஸ்டுகள் ஒண்டாச் சுட்டவங்கள், அந்த வீடு இப்ப மியூசியம். எல்லாரும் பாட, சொல்லுத் தெரியாத நான் "சாவ் சாவ் சாவ்" வாற இடத்தில மட்டும் கத்தினன். விடிய எழும்பினால் ஊருக்குள்ள ஆக்கிரமிப்பாளன், செத்தால் என்னை மலையில ஒரு பூவின்ர நிழலில தாட்டுவிடு எண்டு அர்த்தம் சொன்னாங்கள். எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தவும் வேணுமோ!

பக்கத்து வீட்டுக் கிழவர்தான் பிறகு குழப்பினார். பாசிஸ்டுகளோட சண்டை பிடிச்சு மலையில நிண்ட பார்ட்டிசான்கள், அதாவது கெரில்லாக்கள், கூடுதலாப் பாடினது இது இல்லையாம், கத்யூஷா எண்ட ரஷ்யப் பாட்டின்ர மெட்டில வந்த "ஃபிஸ்கியா இல் வெந்தோ"வாம். அதில கம்யூனிஸ்ட்காரற்ற சிவப்பு வருது, மற்றக் கட்சிக்காரருக்கு ஒத்துவராது, இதில பூ மட்டும்தானே, அதால யுத்தம் முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் பொதுவாப் போச்சுது.

இன்னொரு வேடிக்கை. எங்கட மாகாணத்து குவால்தியேரியில இருந்த பாட்டுக்காரி ஜொவான்னா தஃபினி, வயல்ல களை பிடுங்கிற பொம்பிளையள், மொந்தினே எண்டு சொல்லுவினம், அதே மெட்டில அவையின்ர பெல்லா சாவ் பாட்டை 1962ல பாடிப் பதிஞ்சா. அப்ப அதுதான் தாய்ப்பாட்டு எண்டு எல்லாரும் நம்ப, ஸ்கன்சானி எண்ட அதே ஊர்க்காரர் அந்த வரியள் 1951ல நான் எழுதினது எண்டு வந்து நிண்டார்! சரி, பிந்திப் பிறந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். நுளம்புக்கடி, முதலாளி தடியோட நிக்க நாங்கள் குனிஞ்சபடி, "அம்மா என்ன வேதனை" எண்டு வரும். என்ர அம்மாவும் சேத்துக்குள்ள நிண்டு களை பிடுங்கினவா.

மகளுக்கு இது மணி ஹைஸ்ட் எண்ட ரிவி தொடரில வாற பாட்டு. டெல்லியில விவசாயிகள் போராடேக்க வார்த்தையை மாத்திப் பாடின வீடியோவை அவளுக்குக் காட்டினன், பாத்திட்டு, அப்பா இதுவும் வயல்தானே எண்டாள்.

இந்த ஏப்ரலும் போனன். இப்ப சொல்லெல்லாம் பாடம். கை தட்டுற இடத்தில மட்டும் இன்னும் ஒரு தட்டுப் பிந்துது, ரீச்சர் அப்பவே சொன்னவா.