கைக்குள் ஒரு ஈர்க்குச்சி

என் இடது மேல்கையின் உட்பக்கத்தில் மூன்று வருஷமாக ஒரு குச்சி இருந்தது. 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன், தடவினால் ஈர்க்குச்சித் துண்டு மாதிரி நழுவும். கருத்தடை இம்பிளாண்ட், அதாவது ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுக் கரு உண்டாகாமல் தடுக்கும் குச்சி. போன வாரம் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டேன். "உடம்புக்குள்ள கண்டதையும் வச்சுக்கிட்டு அலையறியேடி" என்று போனில் அம்மா ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள்.

பலன் பற்றிப் பேசவே வேண்டாம். வருஷத்துக்கு 2000 பேரில் ஒருவருக்குத்தான் தவறும் என்று கணக்கு, அம்மா செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனே 200 பேரில் ஒருவருக்குத் தவறுகிறது. ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலோ, சில வலிப்பு மாத்திரைகள் எடுத்தாலோ இதன் வீரியம் குறைந்துவிடும், டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

என்னைப் படுத்தியது ரத்தப்போக்குதான். முதல் ஏழு மாதம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் கறுப்பு பேண்ட்டும் கைப்பையில் நாப்கினுமாகத் திரிந்தேன், அப்புறம் ஒரேயடியாக நின்றுபோனது. எல்லோருக்கும் இப்படி அடங்காது. பத்தில் ஒருவர் இதற்காகவே எடுத்துவிடுகிறார்கள்.

நீண்ட நாள் பாதுகாப்பு? இதன் மூத்த அக்கா நார்பிளாண்ட், ஆறு குழாய்கள், 1983ல் பின்லாந்தில் அனுமதி வாங்கியது. இலங்கை உட்பட 8 நாடுகளில் சுமார் 16,000 பெண்களை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் நார்பிளாண்ட் போட்டவர்கள், மீதிப் பேர் காப்பர்-டி போட்டவர்களும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும். பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. பிறகு ஏன் அமெரிக்காவில் அத்தனை வழக்குகள்? போடக் கற்றுக்கொண்டவர்கள் எடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆறையும் தோண்டி எடுப்பதற்குள் கை புண்ணாகிப் போனவர்கள் உண்டு. இப்போது ஒரே குச்சி, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் சல்பேட் வேறு.

எனக்கு மரத்துப்போக ஊசி, சின்னக் கீறல், ஒரு முனையை அழுத்தியதும் மறுமுனை எட்டிப் பார்த்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தியாவிலும் சில மாநில அரசு மருத்துவமனைகளில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கையை நீட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: பிடிக்கவில்லை என்று ஆறாம் மாதமே வந்து நின்றால் எடுத்துவிட இங்கே ஆள் இருக்கிறதா?