மழை மாதத்துச் சம்பளம்

அந்த அம்மாவிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது, ஏனென்றால் முதலாளி தொடக்கம் கூட வேலை செய்கிறவர்கள் வரை எல்லாரும் "நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்றுதான் கேட்டார்கள்.

மகளை எங்கள் ஹோட்டல் றிசப்ஷனுக்கு எடுப்பதென்று முடிவாகி, கடிதம் கொடுக்க இருந்த நேரத்தில் தாய் வந்தார். வருவார் என்று தெரியும். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை ஹோட்டல் வேலைக்கு வருகிறதென்றால் வீட்டிலிருந்து யாராவது வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரவு எத்தனை மணிக்கு விடுவீர்கள், வான் வீட்டு வாசல் மட்டும் வருமா, குடிக்கிற ஆட்கள் தங்குகிறார்களா, சனம் என்ன கதைக்கும்... எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அதெல்லாம் வீட்டிலேயே கதைத்து முடிந்துவிட்டது போல.

"தம்பி, நல்லூர்த் திருவிழா முடிஞ்சு மழையும் தொடங்கினால் இவவுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். அடிப்படைச் சம்பளத்தை நம்பி யாரும் வீடு நடத்துவதில்லை. பில்லில் போடுகிற 10 வீத சேவைக் கட்டணத்தை மாத முடிவில் பிரித்துக் கொடுக்கிறோமே, அதில்தான் கதை இருக்கிறது. திருவிழாவின் 25 நாளும் அறை கிடைக்காது. அந்த மாதம் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே தாண்டிவிடும். டிசெம்பர் கடைசியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களால் இன்னொரு ஏற்றம். முன்பு சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்கள் இப்போது ஏசியும் அறையோடு சேர்ந்த குளியலறையும் வேண்டுமென்று எங்களிடம் வருகிறார்கள். இடையில் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு வருகிற நீண்ட வாரஇறுதிகளில் நயினாதீவு விகாரைக்குப் போகிற தெற்குக்காரர்கள். மற்றபடி காற்று வாங்குகிறது.

லாச்சியிலிருந்து போன வருடத்துச் சேவைக் கட்டணப் பங்குத் தாளை எடுத்து, ஆட்களின் பெயர்களை மறைத்துக்கொண்டு அவருக்குக் காட்டினேன். சங்கக்கடையில் கணக்கெழுதியவராம். விரலை வைத்து ஒவ்வொரு மாதமாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார். ஓகஸ்ட்டில் ஒருக்கால் நின்றார், நவம்பரில் அதைவிடக் கூட நேரம் நின்றார்.

"வாற வருசமும் இப்பிடித்தானோ?"

"அதைச் சொல்லேலாது அம்மா."

"சரி தம்பி, யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பிப் போனார். பிறகு வரவில்லை. பிள்ளை டவுனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், வருடம் முழுக்க ஒரே சம்பளம்.

அந்தச் 'சொல்லேலாது'வைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அதே வாரம் தொழில்காரர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில், யாழ்ப்பாணத்துச் சுற்றுலா வளரும், அதில் சந்தேகமே வேண்டாம் என்று பேசியவனும் நான்தான். சும்மா பேசவில்லை. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. கோவிட்டோடு நின்ற பலாலி–சென்னை விமானம் 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது, அடுத்த மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கினார்கள். 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய நாட்டின் சுற்றுலாப் பயணிகள் தொகை, குண்டுவெடிப்பு, நோய், பெற்றோல் வரிசை எல்லாம் கடந்து 2024இல் மறுபடி 20 இலட்சத்துக்கு மேலே வந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் கண்டி, எல்ல, காலியோடு திரும்பிவிடுகிறார்கள், அந்தத் தொகையில் கொஞ்சத்தை இங்கே திருப்பினாலே எங்களுக்குப் போதும் என்று சொன்னேன். கைதட்டினார்கள். அதுவும் உண்மைதான்.

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும் என்று கேட்டால், கூட்டத்தில் நான் பேசியது பத்து வருடத்தைப் பற்றி, அந்த அம்மா கேட்டது வருகிற நவம்பரைப் பற்றி. இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வேலைக்கு வருகிற ஆட்கள் நவம்பர் நவம்பராகத்தான் பத்து வருடத்தைக் கடக்க வேண்டும், அந்த இடத்தில் என் சமாதானம் உடைந்துவிடுகிறது.

விமானம் வருகிறது என்கிறோம், வருவது எழுபது சொச்சம் பேர் ஏறுகிற ஏடிஆர் என்கிற சின்ன விமானம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை 2023 ஒக்டோபரில் பெரிதாகத் தொடங்கினார்கள், சில நாளிலேயே பருவமழையைச் சொல்லி நிறுத்த வேண்டி வந்தது. தெற்கில் வெள்ளைக்காரர் சீசன் சூடுபிடிக்கிற அதே நவம்பர், டிசெம்பரில்தான் எங்களுக்கு வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டுகிறது. இதை யாராலும் மாற்ற முடியாது. அறை கட்டுவது இங்கே ஒரு பிரச்சினையே இல்லை, பூட்டிக் கிடக்கிற புலம்பெயர்ந்தவர்களின் வீடுகளே எத்தனை கெஸ்ட் ஹவுஸ் ஆகிவிட்டன. அந்த அறைகளுக்கு மழை மாதத்தில் ஆள் பிடிப்பதுதான் வேலை.

நேர்முகத்தில் நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: மழையில் அகப்பட்டுக்கொண்ட விருந்தினர் வந்து இன்றைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அநேகமானோர் நூலகம், கோட்டை என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். இந்தப் பிள்ளை, "கூழ் குடிக்கச் சொல்லுவன் சேர், மழைக்கு அதைவிட வேற என்ன?" என்றார். சொல்லிவிட்டு விடவில்லை. காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊறவைப்பது, நண்டும் இறாலும் போடுவது, பலாக்கொட்டையும் பயற்றங்காயும் எந்தப் பதத்தில் போடுவது, எல்லாரும் சுற்றியிருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பது, "சமைக்கிற இடத்தையும் காட்டலாம், அதுக்கே அரைநாள் போயிடும்" என்றார். அதோடு, மழைக்குப் பிறகு நெடுந்தீவு பச்சையாக இருக்கும், குதிரைகளை அப்போதுதான் பார்க்க வேண்டும், ஆனால் கடல் அடித்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக முதல் போட் ஓடுதா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுவேன் என்றார். தீவுப்பக்கத்துப் பிள்ளை, அதனால் அது தெரிந்திருக்கிறது.

தாய் கேட்ட கேள்விக்கான பதிலில் பாதி மகளிடம் இருந்தது. நான் அதைத் தாயிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கே அது பிடிபடவில்லை என்பதும் ஒன்று, பிடிபட்டிருந்தாலும் ஒரு கூழை நம்பி மகளை அனுப்புங்கள் என்று ஒரு தாயிடம் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். முதலாளி சொல்வது வேறு. "எல்லாரும் உம்மைப் போல கணக்குக் காட்டினால் இந்த ஊரில ஒருத்தரும் ஹோட்டலுக்கு வரமாட்டினம். நீர் வரேக்க உமக்கு ஆர் காட்டினது?" ஒருவரும் காட்டவில்லைதான். காட்டியிருந்தால் நான் வந்திருப்பேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த இடத்துக்கு இப்போது குருநாகலிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். கெட்டிக்காரன், தமிழும் வேகமாகப் பிடிக்கிறான், விருந்தினருக்கு அவனைப் பிடிக்கிறது. மழை நாளில் எங்கே போகலாம் என்று கேட்டால் நாங்கள் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துச் சொல்கிறான். அந்தத் தாளில் கூழையும் சுண்டிக்குளத்துப் பறவைகளையும் சேர்த்தது நான்.

அப்புறம் ஒரு யோசனையை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். ஓகஸ்ட், டிசெம்பர் சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து மழை மாதங்களில் கொடுத்தால், வருகிறவர்களிடம் இதுதான் உங்கள் சம்பளம் என்று ஒரே எண்ணாகச் சொல்லலாம். மாடியில் இன்னும் அறை போடுகிற திட்டத்தை ஒரு வருடம் தள்ளிவைத்து, அந்தக் காசில் கொஞ்சத்தையும் இதற்குள் போடலாம் என்றும் எழுதியிருந்தேன். அறையைத் தள்ளிவைக்க அவருக்கு விருப்பமில்லை, வங்கியில் கடன் பேசியாகிவிட்டது. ஒதுக்குவதை, ஆட்கள் சம்மதித்தால் செய் என்றார்.

ஆட்கள் சம்மதிக்கவில்லை. சமையலறையில் இருக்கிற மூத்தவர்தான் முதலில் மறுத்தார். "ஓகஸ்ட்டில இடுப்பு முறியிறது எங்களுக்கு. அந்தக் காசை நவம்பரில வரப்போற புது ஆளோட ஏன் பங்கு போடவேணும்?" அவருக்கு அந்த மாதத்துக் காசில்தான் அடகு மீட்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மேலே ஒன்றும் பேசவில்லை, அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது, அவர் ஒத்துக்கொள்ளக்கூடிய விதமாக அதை எப்படி மாற்றி எழுதுவதென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.