பெங்களூரில் கணித முதுநிலை: ஜாம், எம்.மேத், நேர்காணல்

முதுநிலை இடம் கேட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம். ஐ.ஐ.எஸ்சி.யின் (இந்திய அறிவியல் கழகம்) ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு, அதாவது முதுநிலையும் ஆய்வுப் பட்டமும் சேர்ந்த படிப்புக்கு, ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வும் நேர்காணலும், ஐ.எஸ்.ஐ.யின் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) கணித முதுநிலைப் படிப்பான எம்.மேத்துக்கு அதன் சொந்த எழுத்துத் தேர்வும் நேர்காணலும்தான் கணக்கு. கோடைகால புராஜெக்டுக்கு வேண்டுமானால் எழுதுங்கள்.

ஜாம் எழுதியவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது ஒன்று உண்டு. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கான பொது விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ஐ.ஐ.எஸ்சி.க்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுவார்கள். அதற்குத் தனி விண்ணப்பம். எம்.மேத் அந்த ஆண்டு பெங்களூர் மையத்திலா, கொல்கத்தாவிலா என்பதையும் ஐ.எஸ்.ஐ.யின் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாம் கணிதத்தாளில் 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். நெகட்டிவ் மார்க், ஒரே ஒரு சரியான விடை உள்ள முதல் பகுதியில் மட்டும்தான்: 1 மதிப்பெண் கேள்வி தப்பினால் 1/3, 2 மதிப்பெண் கேள்வி தப்பினால் 2/3 போகும். மீதி 50 மதிப்பெண்ணில் அபராதமே இல்லை, ஆகவே அங்கே எதையும் காலியாக விடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் வரும் பகுதியில் பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது.

ஐ.எஸ்.ஐ.யில் காலைத் தாள் கொள்குறி வகை. மதியத் தாள் விரித்தெழுதுவது. நம் கல்லூரித் தேர்வுகளில் தேற்றத்தை மனப்பாடமாக எழுதிப் பழகிய கை மதியத்தில்தான் தடுமாறும். அங்கே கேட்பது நிறுவல். x² என்ற சார்பு மெய்யெண் கோடு முழுவதிலும் சீரான தொடர்ச்சி (uniform continuity) உடையதல்ல என்று காட்டச் சொன்னால், வரையறையைத் திருப்பி எழுதினால் பயனில்லை. n, n+1/n என்ற இரு புள்ளிகளை எடுங்கள். அவற்றின் இடைவெளி 1/n, சுழியை நெருங்குகிறது. சார்பின் மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடோ 2+1/n², எப்போதும் 2-க்கு மேல். இரண்டே வரியில் முடிந்தது. படம் வரைந்து 'செங்குத்தாகிக்கொண்டே போகிறது' என்று எழுதினால் அது நிறுவல் ஆகாது.

நேர்காணலில் எதிர் உதாரணம் கேட்பார்கள். உட்குலத்தின் அளவு குலத்தின் அளவை வகுக்கும் என்ற லக்ராஞ்சு தேற்றத்தைச் சொன்னதும் அதன் மறுதலை உண்மையா என்று அடுத்த கேள்வி வரும். உண்மையல்ல: நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களான, 12 உறுப்புகள் கொண்ட A₄ குலத்தில் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் இல்லை. ஏன் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவுள்ள உட்குலத்தின் குறியெண் (index) 12/6 = 2, ஆகவே அது இயல் உட்குலம் (normal subgroup). அப்படியானால் எந்த உறுப்பின் வர்க்கமும் அதற்குள் இருந்தாக வேண்டும். A₄-இல் உள்ள 8 முச்சுழற்சிகளும் வர்க்கங்களே. 6 இடத்தில் 8 எப்படி அடங்கும்?

பேராசிரியரின் ஆய்வைப் படிப்பது பிஎச்.டி. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும். ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் கட்டுரையின் முன்னுரையை மட்டும் முதலில் படியுங்கள். ஆசிரியர் பெயர் வரிசையைப் பார்த்து யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு கட்டாதீர்கள்; கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசைதான்.