ஃபைப்ரோமயால்ஜியா: உளவியலாளரிடம் அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள்

இரத்தப் பரிசோதனை சரி, எக்ஸ்ரே சரி, உடம்பு மட்டும் உளைந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் வாய்வு என்கிறார்கள், வேலையிடத்தில் சோம்பல் என்கிறார்கள். இது ஃபைப்ரோமயால்ஜியாவாக, அதாவது உடம்பெங்கும் வலியும் களைப்பும் மாதக்கணக்கில் நீடிக்கும் நோயாக, இருக்கலாம். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் முதலில் போகவேண்டியது பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையில் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி பிரிவுக்குப் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். தனியார் நிபுணரிடம் நேரே போனால் அந்தச் சலுகை இல்லை. காத்திருக்கும் வாரங்களை வீணாக்காமல் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, கடந்த 7 நாளில் எங்கெல்லாம் வலித்தது என்று குறித்து வையுங்கள். இந்த நோயைக் கண்டறிய 2016-இல் திருத்தப்பட்ட அளவுகோல் உடம்பை 19 இடங்களாகப் பிரித்து எண்ணுகிறது. களைப்பு, தூங்கி எழுந்தும் தீராத சோர்வு, மறதி ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் உண்டு. இவையெல்லாம் குறைந்தது 3 மாதம் நீடித்திருக்க வேண்டும். 18 புள்ளிகளை அழுத்திப் பார்க்கும் 1990-ஆம் ஆண்டு முறையை இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அது கட்டாயமில்லை.

டாக்டரிடம் ‘பெயின்’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். கடுக்கிறதா, எரிகிறதா, குத்துகிறதா, சுருக்கென்று இழுக்கிறதா? நம்மிடம் இத்தனை சொல் இருக்கிறது. எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக விளக்குங்கள்.

நோய் உறுதியானதும் உளவியலாளரைப் பார்க்கச் சொல்வார்கள். பலர் சிகிச்சையை விடுவது இங்கேதான். "எனக்கு என்ன பைத்தியமா?" என்ற கோபம் நியாயமாகப் பட்டாலும் அவசரமானது. கால் உளைச்சல், மன உளைச்சல் இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். மூளையிலும் இரண்டுக்கும் வெகு தூரமில்லை. இன்சுலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகள் வலியையும் கையாள்கின்றன, பயத்தையும் துக்கத்தையும் கையாள்கின்றன. 2002-இல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி மூளையை ஸ்கேன் செய்த ஆய்வில், மற்றவர்களுக்கு லேசாகவே பட்ட அழுத்தம், இந்த நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகளைத் தூண்டியது. வலி கற்பனை இல்லை. ஒலிபெருக்கியின் சத்தத்தை யாரோ கூட்டி வைத்த மாதிரி. கவலையும் தூக்கமின்மையும் அதை இன்னும் கூட்டும்.

அந்தச் சத்தத்தைக் குறைக்க மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் பாதை ஒன்று உண்டு. அதற்கு செரட்டோனினும் நார்அட்ரினலினும் வேண்டும். மனச்சோர்வு மருந்தான டூலோக்செட்டினை இதற்கும் எழுதித் தருவது அதனால்தான். மருந்துத் தாளைப் படித்துவிட்டு வீட்டில் கலவரமாவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். வழக்கமாக 30 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 60 ஆக்குவார்கள். முதல் வாரம் குமட்டும், சாப்பிட்டபின் போட்டால் கொஞ்சம் தேவலை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். இன்னொரு மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் கொடுத்தால் இரவில் 10 மி.கி. அளவில்தான் தொடங்குவார்கள், மனச்சோர்வுக்கான அளவு இதைவிடப் பல மடங்கு. வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். மாத்திரையை இன்னும் முன்னதாகப் போடலாமா என்று கேளுங்கள்.

உளவியலாளரின் அறையில் பெரும்பாலும் கணக்குப் பார்க்கும் வேலைதான். மூன்று பத்தி போட்ட நோட்டு: என்ன செய்தேன், என்ன நினைத்தேன், வலி 10-க்கு எத்தனை. இரண்டு வாரத்தில் ஒரு வட்டம் கண்ணில் படும்: "இன்று முடியாது" என்ற பயம், படுக்கை, விறைத்த தசை, மேலும் வலி.

அதை உடைப்பது அளந்த நடை. ஐரோப்பிய ருமட்டாலஜி சங்கமான யூலார் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியாக ஆதரித்தது உடற்பயிற்சியை மட்டுமே. புளோக்கைச் சுற்றி வலி ஏறாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் பாருங்கள். சராசரி 10 நிமிடமானால் 8-இல் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும். கெடுப்பது நல்ல நாட்கள்தான்: உடம்பு லேசாக இருக்கிறதே என்று சனிக்கிழமை தேக்கா சந்தை, வீட்டைத் துடைப்பது, துணி மடிப்பது எல்லாம் ஒரே மூச்சில், பிறகு செவ்வாய்வரை படுக்கை. நல்ல நாளிலும் 8 என்றால் 8. இதைக் கடைப்பிடிப்பதுதான் முழு சிகிச்சையிலும் கடினமான பகுதி என்போம்.

மறுமுறை டாக்டரைப் பார்க்கும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் விடாமல் வந்தாலோ, எடை காரணமின்றிக் குறைந்தாலோ, கை கால் பலமிழந்தாலோ, ‘இதுவும் ஃபைப்ரோதான்’ என்று விட்டுவிடாமல் அடுத்த முறைவரை காத்திராமல் போய்க் காட்டுங்கள்.